தீவிரமயமாதல் என்றால் என்ன? ஒருவர் எப்படி அதில் போய்ச் சேர்கிறார்?

தன் மதத்துக்காகவோ அரசியலுக்காகவோ வன்முறையும் சரிதான் என்று ஒருவர் படிப்படியாக நம்பத் தொடங்குவதே தீவிரமயமாதல்.

கொள்கையைப் படித்து மயங்கிச் சேர்பவர்கள் குறைவு. பயங்கரவாதத்தை ஆராய்ந்த மனநல மருத்துவர் மார்க் சேஜ்மன் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அல்-காயிதா வட்டத்தைச் சேர்ந்த 172 பேரின் வாழ்க்கையை அலசினார். பெரும்பாலோரை உள்ளே இழுத்தது நட்பும் உறவும்தான். அவமானமும் தனிமையும் அரிக்கும் நேரத்தில் "வா, உட்கார்" என்று ஒரு கூட்டம் இடம் கொடுக்கிறது, மனம் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம்தான் கொள்கை. அதற்குள் பழைய நண்பர்கள் ஒவ்வொருவராக விலகியிருப்பார்கள், மறுத்துப் பேச ஆளிருக்காது. எனக்கு மிகவும் கவலை தருவது இந்தக் கட்டம்தான்.

முதல் சிகரெட்டை நினைத்துப் பாருங்கள். ருசிக்காகவா பிடித்தார்கள்? நண்பன் நீட்டினான், வாங்கிக்கொண்டார்கள்.

படிக்காத ஏழைகள்தான் இப்படிப் போவார்கள் என்பது தவறு. சேஜ்மன் ஆராய்ந்தவர்களில் கல்லூரிக்குப் போனவர்களும் குடும்பஸ்தர்களும் ஏராளம்.