மின்துறையைத் தனியாருக்குக் கொடுத்தால் மின்வெட்டு தீருமா? நைஜீரியாவில் நான் பார்த்தது

கேள்வி இதுதான்: கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்றே தெரியாத ஒரு நாட்டில், மின்துறையைத் தனியாரிடம் ஒப்படைத்தால் நிலைமை சரியாகிவிடுமா?

அதை மட்டும் செய்தால் ஆகாது என்பதுதான் என் பதில். 2012 முதல் 2019 வரை நைஜீரியாவின் லாகோஸ் நகரில், இகேஜா பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மின் பராமரிப்பு பார்த்தேன். அந்த நாடு மின்துறையைத் தனியாருக்குக் கைமாற்றிய நாள் 2013 நவம்பர் 1. அதற்கு முன் ஓராண்டும், அதற்குப் பின் ஆறு ஆண்டுகளும் அங்கேயே இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாம் ‘ஈபி’ என்று சொல்வதுபோல அங்கே மின்சாரத்துக்குப் பேரே ‘நேப்பா’. 1972-இல் தொடங்கிய அரசு மின்வாரியத்தின் சுருக்கப் பெயர் அது. 2005-இல் அந்த வாரியத்தின் பெயரை அரசு மாற்றிவிட்டது, ஆனால் ஜனங்கள் மாற்றவில்லை. இரவு எட்டு மணிக்குத் தெருவில் விளக்கு எரிந்தால் குழந்தைகள் எல்லாம் ஒரே குரலில் ‘அப் நேப்பா!’ என்று கத்துவார்கள். அரை மணி நேரத்தில் மறுபடி இருட்டு. அந்தச் சத்தத்தை ஏழு வருடம் கேட்டேன். துறை தனியாரிடம் போன பிறகும் அதே சத்தம்தான், அதே சந்தோஷம்தான். கரண்ட் வருவதைக் குழந்தைகள் ஆரவாரம் செய்து வரவேற்கும்படி இருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் மனசு கனத்துவிடும்.

எங்கள் கம்பெனியில் 500 கேவிஏ ஜெனரேட்டர் இரண்டு. இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு நொடி கரண்ட் போனால்கூட அச்சில் இருக்கும் பொருள் வீண். கொஞ்சம் அதிக நேரம் போனால் பேரலுக்குள் பிளாஸ்டிக் இறுகிவிடும், சுத்தம் செய்து மறுபடி சூடேற்றி எடுக்க அரை ஷிஃப்ட் போய்விடும். அதனால் ஜெனரேட்டரில்தான் பகல் முழுக்க ஓட்டுவோம், கிரிட் (நாட்டின் பொது மின்கட்டமைப்பு) கரண்ட் வந்தால் அதை அலுவலகத்துக்கும் விளக்குகளுக்கும் விடுவோம். ஊரே அப்படித்தான். தையல்காரர், முடிதிருத்தும் கடை, குளிர்ந்த தண்ணீர் விற்கும் அம்மா என்று எல்லோரிடமும் வாசலில் ஒரு சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கும். அதை இரவில் வீட்டுக்குள் வைத்து ஓட்டிவிட்டு, புகையில் குடும்பத்தோடு இறந்துபோனவர்கள் பற்றிய செய்தி அங்கே அடிக்கடி வரும்.

சரி, எதை விற்றார்கள்? பழைய வாரியத்தை மூன்றாகப் பிரித்தார்கள். மின் உற்பத்திக்கு ஆறு நிறுவனங்கள், வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பகிர்மானத்துக்குப் பதினொரு நிறுவனங்கள். இவற்றைத்தான் தனியாருக்குக் கொடுத்தார்கள், பகிர்மானத்தில் 60 சதவீதப் பங்கு தனியாருக்கு, 40 அரசுக்கு. நடுவில் இருக்கும் உயரழுத்தத் தொடரமைப்பு, அதாவது பெரிய கோபுரங்களும் துணை மின்நிலையங்களும், அரசிடமே இருந்தது. எரிவாயு கொண்டுவரும் வேலை இந்த ஏற்பாட்டுக்குள் வரவே இல்லை. கட்டணத்தை நிர்ணயிப்பது ஒழுங்குமுறை ஆணையம், ஆனால் தேர்தல் நெருங்கினால் அந்தக் கையை யார் பிடிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

பிரச்சினை எங்கே இருந்தது என்று பாருங்கள். அங்கே மின்சாரத்தில் பெரும்பகுதி எரிவாயுவில்தான் உற்பத்தியாகிறது. நாட்டில் எரிவாயு ஏராளம், குழாயில் ஒழுங்காக வருவதுதான் இல்லை. 2016 தொடக்கத்தில் நைஜர் டெல்டா பகுதியில் குழாய்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த மார்ச் 31 அன்று நாடு முழுவதும் உற்பத்தி சில மணி நேரம் பூஜ்யத்துக்கே வந்துவிட்டது. ஆலைகளின் நிறுவு திறன் காகிதத்தில் 12,000 மெகாவாட்டுக்கு மேல். ஜனங்களுக்குப் போய்ச் சேர்ந்ததோ 4,000, நல்ல நாளில் 5,000. இருபது கோடிப் பேர் உள்ள நாட்டுக்கு இது. தமிழ்நாட்டில் 2024 மே மாதம் ஒரு நாள் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. நாம் எட்டுக் கோடிகூட இல்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை பணத்தில் இருந்தது. மின்சாரம் ஆலையிலிருந்து வீட்டுக்கு வருகிறது, பணம் வீட்டிலிருந்து ஆலைக்குத் திரும்பிப் போக வேண்டும். அந்தப் பாதை எங்கேயாவது அடைபட்டால், நாளைக்கு எரிவாயு வாங்கப் பணம் இருக்காது. நைஜீரியாவில் பகிர்மான நிறுவனம் நூறு யூனிட் வாங்கினால், நாற்பதுக்கும் மேற்பட்ட யூனிட்டுக்குக் காசு வரவில்லை. கம்பியில் கொஞ்சம் வீண், திருட்டில் கொஞ்சம், பில் கட்டாதது கொஞ்சம். பில் கட்டாதவர்களில் அரசு அலுவலகங்களும் ராணுவ முகாம்களும் உண்டு. அவர்கள் இணைப்பைத் துண்டிக்கப் போகிற லைன்மேன் யார்? இன்னொரு பக்கம், கட்டணம் அந்த நாட்டு நாணயமான நைராவில், எரிவாயு விலையோ டாலர் கணக்கில். கம்பெனிகளை வாங்கியவர்கள் வங்கியில் டாலர் கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். அப்போது ஒரு டாலர் சுமார் 160 நைரா. 2016 ஜூனில் நைராவின் மதிப்பைத் தளர்த்தியதும் அது 280-ஐத் தாண்டியது. மின்கட்டணம் அதற்கேற்ப ஏறவில்லை. 2017, 2018 வாக்கில் பகிர்மான நிறுவனங்கள் தாங்கள் வாங்கிய மின்சாரத்துக்கான பில்லில் மூன்றில் ஒரு பங்கு அளவே திருப்பிக் கட்டின. மீதியை ஈடுகட்ட அரசு 2017-இல் 70,000 கோடி நைரா திட்டம் ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருந்தது. தனியாரிடம் கொடுத்த பிறகும் கஜானாவிலிருந்துதான் பணம் போனது.

இதில் எனக்கு நேரடியாகப் பட்டது மீட்டர் விஷயம். கைமாறியபோது நாட்டில் ஏறக்குறைய பாதி நுகர்வோருக்கு மீட்டரே கிடையாது. குத்துமதிப்பாக ஒரு தொகை போட்டு பில் வரும். நான் குடியிருந்த வீட்டிலும் அப்படித்தான். ஒரு முறை விடுமுறைக்கு ஆறு வாரம் கோவைக்கு வந்துவிட்டேன், வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பிப் போனால் வழக்கத்தைவிட அதிகமான பில் வாசலில் செருகியிருந்தது. மூன்று முறை அலுவலகத்துக்கு நடந்தேன், கட்டிவிட்டுப் பிறகு முறையிடுங்கள் என்றார்கள். எனக்காவது சம்பளம் இருந்தது. என் கீழ் வேலை பார்த்த எலெக்ட்ரீசியன் ஒரு அறை வீட்டில் நான்கு பேரோடு இருந்தவன். அவன் சொன்னான்: “ஓகா, லைட்டே வராத மாசத்துக்கு எப்படி ஓகா காசு கேட்கிறார்கள்? நான் கட்ட மாட்டேன்.” ஓகா என்றால் முதலாளி, நம்ம ஊர் ‘சார்’ மாதிரி. அவன் கட்டவில்லை, தெருவில் பாதிப் பேர் கட்டவில்லை. கட்டாத தெருவுக்குக் கரண்ட் இன்னும் குறைந்தது, குறைந்ததும் கட்டுகிறவர்களும் நிறுத்தினார்கள். அவன் மேல் எனக்குக் கோபம் வரவே இல்லை. கம்பெனிக்கும் கையில் காசில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மின் பொறியாளர்களுக்கே அதிர்ச்சி தரும் ஒன்றும் நடந்தது. கிரிட்டில் மின்சாரம் இருக்கும், பகிர்மான நிறுவனம் ‘வேண்டாம்’ என்று திருப்பிவிடும். வசூலாகாத பகுதிக்கு அனுப்பினால் நஷ்டம்தானே, அனுப்பாமல் விட்டால் அந்த நஷ்டம் இல்லை. ஆனால் மின்சாரத்தை மூட்டை கட்டி வைக்க முடியாது. உற்பத்தியும் உபயோகமும் நொடிக்கு நொடி சமமாக இருந்தால்தான் மின்சாரத்தின் ஃப்ரீக்வென்சி (அதிர்வெண்) 50 ஹெர்ட்ஸில் நிற்கும். ஒரே நேரத்தில் பல ஃபீடர்களை, அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் மின்சாரம் கொண்டுபோகும் லைன்களை, கழற்றினால் ஃப்ரீக்வென்சி ஏறும், ஒரு ஆலை டிரிப் ஆகும், பிறகு அதன் பாரம் மற்றவற்றின் மேல் விழுந்து அவையும் போகும். இப்படியும், வேறு காரணங்களாலும் அந்த நாட்டின் கிரிட் மொத்தமாக விழுவது வழக்கமாகிவிட்டது. 2024-இல் மட்டும் பத்து முறைக்கு மேல் விழுந்தது.

இங்கே ஒருவர் எழுந்து, ‘டெல்லியில் நன்றாக நடந்ததே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2002 ஜூலையில் டெல்லி பகிர்மானம் தனியாரிடம் போனபோது இழப்பு, அதாவது வாங்கிய மின்சாரத்தில் காசு வராத பங்கு, 50 சதவீதத்துக்கு மேல், இன்று பத்துக்கும் கீழ். மின்வெட்டும் வெகுவாகக் குறைந்தது. இதில் முக்கியமான ஒன்று, ஏல முறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதிக விலை கொடுப்பவருக்கு என்றில்லாமல், அடுத்த ஐந்து ஆண்டுகளில் இழப்பை அதிகம் குறைப்பதாக உறுதி தருபவருக்கு என்று டெல்லி வைத்த முறையைத்தான் நைஜீரியாவும் எடுத்துக்கொண்டது. ஒரே விதை, விளைச்சல் மட்டும் வேறு.

மண் வேறு என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். டெல்லிக்குப் பின்னால் வட மண்டல கிரிட் இருந்தது, காசு கொடுத்தால் வாங்க மின்சாரம் இருந்தது. இழப்பு குறையும் வரை தாக்குப்பிடிக்க டெல்லி அரசு சுமார் 3,450 கோடி ரூபாய் கொடுத்துத் தாங்கியது. நைஜீரியாவில் வாங்கியவர்களோ, பல இடங்களில் உள்ளே போய் மீட்டரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் எண்ணிப் பார்க்கக்கூட முடியாமல் வாங்கினார்கள். வேலை போகுமோ என்ற பயத்தில் இருந்த தொழிலாளர்கள் உள்ளே விடவில்லை, அவர்கள் பயமும் நியாயம்தான். கையில் வந்த பிறகுதான் இழப்பு ஆவணத்தில் இருந்ததைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. 2022-இல் கானோ, பெனின், கடுனா நிறுவனங்களைக் கடன் கொடுத்த வங்கி தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. டெல்லியையும் முழு வெற்றி என்று சொல்லிவிட மாட்டேன். கட்டணத்தை ஏற்றாமல் தள்ளிப்போட்ட நிலுவை அங்கே 27,000 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்திருக்கிறது. அதைக் காலக்கெடு வைத்துத் தீர்க்கச் சொல்லி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நுகர்வோர் ஒரு நாள் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் நம் ஊர்க் கதை. நான் கோவையை விட்டுக் கிளம்பிய 2012-இல் இங்கேயும் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. பம்ப்செட் பட்டறைகளும் விசைத்தறிகளும் நொந்துபோயிருந்த காலம். வேலை தேடி நான் வெளிநாடு போனதற்கும் அது ஒரு காரணம். ஓரிரு வருடத்தில் அந்த நிலை மாறியது. பகிர்மானத்தை யாருக்கும் விற்று அது மாறவில்லை. வல்லூர், வடசென்னை, மேட்டூர் புதிய அலகுகள் ஓட ஆரம்பித்தன, 2013 அக்டோபரில் கூடங்குளம் கிரிட்டோடு இணைந்தது, அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் மூலம் தென் மண்டலம் நாட்டு கிரிட்டோடு சேர்ந்தது. தனியாரிடம் மின்சாரமும் வாங்கினார்கள். பற்றாக்குறை இருந்தது மெகாவாட்டில், அதனால் மெகாவாட் வந்ததும் தீர்ந்தது. ஆனால் அதற்கான கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டி வளர்ந்து இன்னும் நிற்கிறது. அரசிடம் இருந்தால் எல்லாம் சுகம் என்றும் நான் சொல்ல வரவில்லை.

அதனால் யாராவது ‘தனியார்மயம்’ என்று சொன்னால், மின்துறைச் சங்கிலியில் எந்தக் கண்ணியை விற்கிறீர்கள், உடைந்த கண்ணி அதுதானா, மீட்டர் இருக்கிறதா, ஏழைக்கான மானியத்தை யார் கையிலிருந்து எந்தத் தேதியில் கொடுப்பீர்கள் என்று நான் கேட்பேன். இதற்குப் பதில் வைத்திருக்கும் தனியாரை எனக்குப் பிடிக்கும். நைஜீரியாவிலேயே ஒன்று உண்டு. தோல் செருப்புக்கும் தையலுக்கும் பேர்போன அபா நகரத்துக்கென்று, முன்னாள் மின்துறை அமைச்சர் பார்த் நாஜி தொடங்கிய கம்பெனி சொந்த எரிவாயுக் குழாய், சொந்த ஆலை, சொந்தக் கம்பிகள் என்று முழுச் சங்கிலியையும் ஒரே கையில் கட்டியது. 2013 விற்பனையில் அந்தப் பகிர்மானப் பகுதி வேறொருவர் கைக்குப் போய்விட்டதால் தகராறில் பல வருடம் முடங்கி, 2024 பிப்ரவரியில்தான் திறப்பு விழா நடந்தது.

2024 ஏப்ரலில் அங்கே ஒரு பிரிவினருக்குக் கட்டணத்தை ஏற்றினார்கள். ஒரு நாளைக்கு 20 மணி நேரமாவது மின்சாரம் தருவதாகச் சொல்லும் ஃபீடர்களுக்கு ‘பேண்ட் ஏ’ என்று பெயர், யூனிட் 68 நைராவிலிருந்து ஒரேயடியாக 225. நாட்டில் சுமார் 15 சதவீத நுகர்வோர்தான் அப்போது அதில் வந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து என் பழைய எலெக்ட்ரீசியன் கூப்பிட்டான். அவன் மனைவி உறைய வைத்த மீன் விற்கிறாள், ஃபிரீசர் ஓட இரவு முழுக்க ஜெனரேட்டர் வேண்டும், பெட்ரோல் விலையோ மானியம் எடுத்த பிறகு எகிறிவிட்டது. “அடுத்த தெரு பேண்ட் ஏ, ஓகா. விடிய விடிய லைட். எங்க தெரு வேற ஃபீடர்,” என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தானாம், 225 கொடுத்தாலும் பெட்ரோலைவிட மலிவுதான். இப்போது அந்தத் தெருவில் ஒரு அறை கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான், ஆனால் அங்கே வாடகையை ஏற்கெனவே ஏற்றிவிட்டார்கள்.