காஜார் காலப் பாரசீக வணிகர் வீடுகளில் திருமணமும் சொத்தும்: கேள்வி பதில்

கேள்வி: காஜார் அரச மரபினர் ஆண்ட 19ஆம் நூற்றாண்டில் ஈரானிய வணிகர்களின் திருமண ஒப்பந்தங்களில் என்னென்ன எழுதப்பட்டன? மஹர், அதாவது மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை, உடனே கொடுக்கப்பட்டதா?

பதில்: மஹர்ப் பட்டியலில் முதலில் ஒரு குர்ஆன் பிரதி இடம்பெறும், கண்ணாடியும் மெழுகுவர்த்தித் தண்டுகளும் பல ஒப்பந்தங்களில் அடுத்து வரும். அதன் பிறகு இத்தனை தூமான் ரொக்கம் என்றும், வசதியான குடும்பமாக இருந்தால் தோட்டத்திலோ கடையிலோ இத்தனை பங்கு என்றும் எழுதுவார்கள். அங்கே அசையாச் சொத்து எதையும் ஆறு ‘தாங்’ எனக் கணக்கிடுவது மரபு. ஒரு கடையில் இரண்டு தாங் மணமகளுக்கு என்றால், மூன்றில் ஒரு பங்கு அவளுக்கு உரியது.

மஹரின் பெரும்பகுதி உடனே கைமாறுவதில்லை. மனைவி கேட்கும்போது கொடுத்தாக வேண்டிய கடனாக அது கணவன் மேல் நிற்கும். அவன் இறந்தால், வாரிசுகள் பாகம் பிரிப்பதற்கு முன்பே மற்றக் கடன்களோடு சேர்த்து அதையும் அடைத்தாக வேண்டும். முதலெல்லாம் சரக்கிலும் உண்டியல் எனப்படும் வணிகக் கடன் சீட்டுகளிலும் முடங்கிக் கிடக்கும் வணிகனுக்கு இது சாதாரணச் சுமையன்று. அவசரப்பட்டு மணவிலக்குச் சொல்லாமல் அவனைத் தடுத்ததில் இந்தக் கடனுக்குப் பெரும் பங்கு உண்டு.

கேள்வி: பெண் வீட்டார் சீர் கொடுத்தார்களா?

பதில்: கொடுத்தார்கள். கம்பளம், செம்புப் பாத்திரம், படுக்கை முதலியவற்றைப் பட்டியலிட்டுச் சாட்சிகளைக் கொண்டு முத்திரையிடச் செய்வார்கள். புகுந்த வீட்டில் இருந்தாலும் அவை பெண்ணின் உடைமையே என்பதற்கு அந்தப் பட்டியலே ஆதாரம்.

கேள்வி: ஈரானின் காஷான் நகரிலுள்ள புரூஜெர்தி மாளிகை ஒரு திருமணத்துக்காகக் கட்டப்பட்டதா?

பதில்: அப்படித்தான் அவ்வூரில் வழங்கும் வரலாறு சொல்கிறது. செல்வந்தரான தபாதபாயீ குடும்பத்துப் பெண்ணை மணந்த புரூஜெர்தி என்னும் வணிகர், அவளுடைய பிறந்த வீட்டுக்கு இணையான வீடு வேண்டும் என்பதற்காக, அந்த வீட்டைக் கட்டிய உஸ்தாத் அலீ மர்யமையே அமர்த்தி 1857இல் இதைக் கட்டுவித்தார்.

கேள்வி: மகன் இல்லாத வணிகரின் சொத்து அவருடைய சகோதரருக்குத்தானே போகும்?

பதில்: இல்லை. இந்தத் தவறான எண்ணம் பரவலாக இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சுன்னி சட்டத்தில் ஒரே மகள் பாதியைப் பெற, எஞ்சியதில் இறந்தவரின் சகோதரர் பங்கு கேட்க முடியும். ஈரானியர் பின்பற்றும் ஷியா சட்டத்திலோ பிள்ளை இருக்கும்வரை, அது பெண்ணே ஆனாலும், சகோதரருக்கு ஒன்றும் இல்லை. எஞ்சிய பாதியும் மகளிடமே திரும்பிவிடும். சகோதரர்கள் கூட்டாக வணிகம் நடத்திய வீட்டில் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள்: பெண் வெளியே மணம் முடித்தால் பங்கு முதலும் அவளோடு வெளியேறும். பெரியப்பா, சித்தப்பா மகனுக்கே அவளைக் கட்டிவைக்கக் குடும்பங்கள் முனைந்ததற்கு இதுவும் ஒரு வலுவான காரணம் என்பது என் கருத்து. அத்தகைய திருமணம் வானத்திலேயே நிச்சயிக்கப்பட்டது என்ற பாரசீகப் பழமொழியும் உண்டு.

கேள்வி: கைம்பெண்ணின் நிலை என்ன?

பதில்: மகளுக்கு அவ்வளவு தாராளமாக இருந்த சட்டம் மனைவியிடம் கடுமை காட்டியது. பிள்ளைகள் இருந்தால் அவளுக்கு எட்டில் ஒரு பங்கு. அதிலும் நிலம் சேராது, கட்டடத்துக்கும் மரங்களுக்கும் உரிய மதிப்பு மட்டுமே கிடைக்கும். அக்கறையுள்ள கணவர்கள் இதை ‘சுல்ஹ்’ என்னும் உடன்படிக்கையால் சரிசெய்தார்கள். உயிரோடு இருக்கும்போதே, சிறிதளவு கற்கண்டை விலையாகக் குறித்து, வீட்டையோ தோட்டத்தையோ மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு, தம் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்வார்கள். மரணத்துக்குப் பின் வாரிசுகள் பிரித்துக்கொள்ளும் சொத்தில் அது சேராது. நிலத்தின் மதிப்பிலும் மனைவிக்குப் பங்கு உண்டு என்று ஈரானின் சிவில் சட்டம் திருத்தப்பட்டது 2009இல்தான்.