ஓதப்பள்ளியில ஸ்கின்னரும் இப்னு கல்தூனும்: கேள்வி பதில்

அஸ்ஸலாமு அலைக்கும். 14 வருஷமா ஒரு இஸ்லாமிய ஸ்கூல்ல வாத்தியார், சாயங்காலம் மக்தப்லயும் (பிள்ளைங்க குர்ஆன் ஓதக் கத்துக்குற ஓதப்பள்ளி) உக்காருவேன். பி.எட்ல படிச்ச தியரிக்கும் இங்க நடக்குறதுக்கும் என்ன சம்பந்தம்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அதான் இன்னைக்கு இஷா தொழுகைக்கு அப்புறம் உக்காந்தாச்சு, கேளுங்க.

பி.எட் மாணவி: சார், ஸ்கின்னர், பியாஜே, வைகாட்ஸ்கின்னு உளவியல் ஆளுங்க தியரி எல்லாம் மனப்பாடம் பண்ணியாச்சு. மதரஸாவுல இதெல்லாம் எங்கயாச்சும் நடக்குதா?

நடக்குதும்மா, பேர் தெரியாம நடக்குது. குர்ஆனை மனப்பாடம் பண்ற ஹிஃப்ழ் கிளாஸை போய் பாருங்க. புதுப் பாடம் சபக், கொஞ்ச நாள் முன்னாடி ஓதுனது தனி, பழைய ஜுஸ்உ (குர்ஆனோட 30 பாகத்துல ஒண்ணு) எல்லாம் மன்ஸில்னு தனி, எல்லாத்தையும் ஹஜ்ரத்கிட்ட (ஓதிக்குடுக்குற ஆசான்) பாக்காம ஒப்பிக்கணும். இடைவெளி விட்டு திரும்பத் திரும்ப படிச்சாதான் நிக்கும்னு 1885ல ஜெர்மன் உளவியலாளர் எப்பிங்ஹவுஸ் எழுதினதும் இதுதான். ஆனா 1200 வாக்குலயே அஸ்ஸர்னூஜிங்கிற அறிஞர் மாணவங்களுக்கு எழுதுன புத்தகத்துல நேத்துப் பாடத்தை 5 தடவை, முந்தாநாள் பாடத்தை 4, அதுக்கு முந்தினதை 3, அப்படியே 2, 1னு ஓதச் சொல்லிட்டார். உடனே "எல்லாம் நாமதான் முதல்ல கண்டுபிடிச்சோம்"னு வாட்ஸப்ல ஃபார்வர்டு பண்ணிடாதீங்க, எப்பிங்ஹவுஸ் தன்னையே சோதிச்சு கணக்கா காட்டுனாரு, இவரு அனுபவத்துல சொன்னாரு, ரெண்டும் வேற வேற வேலை.

ஒரு உம்மா: பையனுக்கு 9 வயசு, மடமடன்னு ஓதுறான், ஒரு வரிக்கு கூட அர்த்தம் தெரியல. மனசு உறுத்துது.

நியாயமான உறுத்தல்தாம்மா, 600 வருஷத்துக்கு முன்னாடியே இருந்த உறுத்தல். 1377ல எழுதுன முகத்திமாங்கிற புத்தகத்துல வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் ஊர் ஊரா ஒப்பிட்டுப் பாக்குறாரு, மஃக்ரிப்ல (வடமேற்கு ஆப்பிரிக்கா) பிள்ளைங்களுக்கு குர்ஆன் மட்டும்தான், அந்தலூஸ்ல (முஸ்லிம் ஆட்சி இருந்த ஸ்பெயின்) கவிதை, இலக்கணம், கையெழுத்தும் சேத்து, அதனால மஃக்ரிப் பிள்ளைங்க மொழியில பின்தங்கிடுறாங்கங்கிறாரு. முதல்ல அரபி மொழி, கணக்கு, அப்புறம் குர்ஆன்னு அந்தலூஸ் காழி (நீதிபதி) இப்னுல் அரபி சொன்ன யோசனையையும் நல்ல யோசனைங்கிறாரு, ஆனா ஊர் வழக்கம் விடாதுன்னும் ஒத்துக்குறாரு. நம்ம ஊர் வழக்கமும் விடாதுல்ல! அதனால நான் நடுவுல ஒரு வழி வச்சிருக்கேன், ஓதுறதை நிறுத்துறதில்ல, சூரத்துல் ஃபீல் மாதிரி சின்ன சூராவுக்கு யானைக் கதையை தமிழ்ல சொல்லிட்டு அப்புறம் ஓத வைக்கிறேன், 9 வயசுக்கு கண்ணுல பாக்குற மாதிரி இருந்தாதான் ஏறும்னு பியாஜே சொன்னது யானைக்கு நல்லாவே பொருந்துது. வீட்ல நீங்களும் ஒரு வார்த்தை ரெண்டு வார்த்தை கேளுங்க போதும்.

மக்தப் உஸ்தாத் ஒருத்தர்: பிரம்பு இல்லாம 40 பிள்ளைங்களை எப்படி பாய் சமாளிக்கிறது?

நானும் முதல் ரெண்டு வருஷம் அடிச்சவன்தான், மறைக்கல. அடிக்கு பயந்து ஒரு பையன் எல்லாரும் சேந்து ஓதுறப்ப சத்தமே வராம வாயை மட்டும் அசைக்கக் கத்துக்கிட்டான், எனக்கு மூணு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது. கடுமை காட்டுனா பிள்ளைங்க பொய்யும் பாசாங்கும் கத்துக்கும்னு இப்னு கல்தூன் தனி அத்தியாயமே எழுதிருக்காரு, படிச்சப்ப எனக்காகவே எழுதுன மாதிரி இருந்துச்சு. ஸ்கின்னரை பரிசு-தண்டனை ஆளுன்னு நினைக்கிறோம், அவரே தண்டனைக்கு எதிரிதான். 40 பேர்னா பெரிய பையனை சின்னவன் பக்கத்துல உக்கார வைங்க, கூட ஒருத்தன் கைகொடுத்தா எட்டுற இடம்னு வைகாட்ஸ்கி சொன்னது அதுதான், நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்து சட்டாம்பிள்ளையும் ஏறக்குறைய அதேதான்.

ஸ்கூல் கமிட்டி மெம்பர்: சயின்ஸ் பாடத்துல ஓரத்துல ஒரு ஆயத் (குர்ஆன் வசனம்) போட்டா இஸ்லாமிய கரிகுலம் ஆயிடுமா?

ஆகாது. 1977ல மக்காவுல நடந்த உலக முஸ்லிம் கல்வி மாநாட்டுலயே தீன் (மார்க்க) கல்வி, துன்யா (உலக) கல்வின்னு பிரிஞ்சு கிடக்கறதை பெரிய பிரச்சனையா பேசுனாங்க, நாம இன்னும் ஸ்டிக்கர் ஒட்டிட்டு இருக்கோம். ஒரே விஷயத்துக்கு வயசுக்கேத்த ஆழத்துல திரும்பத் திரும்ப வரணும்னு 1960ல அமெரிக்க உளவியலாளர் புரூனர் சொன்னாரு. ஒரு கலையை மூணு சுத்து நடத்து, முதல்ல சுருக்கம், அப்புறம் விளக்கமும் கருத்து வேறுபாடும், கடைசியா எதையும் விடாமன்னு இப்னு கல்தூன் சொன்னாரு. ஜகாத்தை (கட்டாய தர்மம்) எடுத்துக்குங்க: 3ம் வகுப்புல பங்கு குடுக்குறது, 7ல 2.5 சதவீதக் கணக்கு, 11ல பொண்ணுங்க போடுற நகைக்கு ஜகாத் உண்டா இல்லையான்னு விவாதம். நம்ம ஊர்ல ஷாஃபி பிள்ளையும் ஹனஃபி பிள்ளையும் ஒரே பெஞ்சுல உக்காருதே, இதுல ரெண்டு மத்ஹபும் (மார்க்கச் சட்ட வழி) வேற வேற பதில் சொல்லும், விவாதத்துக்கு வேற என்ன வேணும்? ஆனா இதுக்கு மேத்ஸ் டீச்சரும் ஆலிமும் (மார்க்க அறிஞர்) ஒரே டேபிள்ல உக்காந்து பாடம் தயாரிக்கணும், அங்கதான் பல ஸ்கூல்ல சறுக்குது.

கல்லூரி தம்பி: அறிவை மாணவனே கட்டி எழுப்பிக்கிறான்னு தியரி சொன்னா, வஹீ (இறைச்செய்தி) என்ன ஆகும்?

வஹீ வந்தபடிதான் இருக்கும் தம்பி, அதைப் புரிஞ்சுக்கறதைத்தான் மாணவன் கட்டுறான். உண்மைன்னே ஒண்ணை எட்ட முடியாதுன்னு சொல்ற தீவிரக் கட்சியை மட்டும் நான் எடுத்துக்கல.

இன்னொருத்தர்: ஆப்ல தஜ்வீத் (குர்ஆனைச் சரியா உச்சரிக்குற முறை) கத்துக்கலாமா?

துணைக்கு சரி. நம்ம பிள்ளைங்க ளாத்ங்கிற அரபி எழுத்தை தமிழ் ழ மாதிரியே சொல்லும், என் மகளுக்கு ஒரு ஆப் அதுக்கு பச்சை டிக் போட்டுச்சு. நாக்கோட பக்கவாட்டு மேல் கடவாய்ப் பல்லுல படணும்னு உஸ்தாத் தன் வாயைத் திறந்து காட்டுன பிறகுதான் அவளுக்கு வந்துச்சு.