பிம் மாடல் கையில் இருக்கிறது, டிஜிட்டல் ட்வின் இப்போதே வேண்டுமா?

கேள்வி: 38 மாடிக் குடியிருப்புக் கட்டடம் ஒன்றில் உரிமையாளர் தரப்புத் திட்டப் பொறியாளராக இருக்கிறேன். அடித்தளம் முடிந்து கோர் சுவர் (லிஃப்ட், படிக்கட்டைச் சுற்றி எழும் கான்கிரீட் சுவர்) 3-வது மாடிக்கு ஏறியிருக்கிறது. வடிவமைப்பு ஆலோசகர் பிம் மாடல் (சுவர், குழாய், கருவி எல்லாம் அவற்றின் தகவலோடு இருக்கும் முப்பரிமாணக் கணினி மாடல்) கொடுத்துவிட்டார். அதை வைத்தே டிஜிட்டல் ட்வின் செய்து தருவதாக ஒரு மென்பொருள் நிறுவனம் சொல்கிறது, உடனே ஒப்பந்தம் போடச் சொல்கிறது. போடலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள். ஆனால் ட்வினுக்கு வேண்டிய வேலையை இன்றே ஆரம்பித்தாக வேண்டும், அது வேறு கதை.

உங்களிடம் இருக்கும் மாடல், கட்டடம் எப்படி வர வேண்டும் என்று வடிவமைப்பாளர் நினைத்ததைத்தான் சொல்லும். ட்வின் என்றால் கட்டியது கட்டியபடியே பதிவாகியிருக்க வேண்டும், அதற்கு மேல் உள்ளே இருக்கும் பம்பு, லிஃப்ட், வால்வு எல்லாம் இந்த நிமிடம் எந்த நிலையில் இருக்கின்றன என்ற தகவலும் வந்துகொண்டே இருக்க வேண்டும். அது வராவிட்டால் மிச்சம் இருப்பது சுழற்றிப் பார்க்கிற படம்தான். இயக்குநர் கூட்டத்தில் காட்ட நன்றாக இருக்கும்.

முதலில் அந்த மாடலிடம் கட்டுமான வேலையை வாங்குங்கள். உயரமான கட்டடத்தில் ஒரே அமைப்புள்ள மாடிதான் திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் ஒரு மாடியில் விட்ட தப்பு முப்பது தடவை விட்ட தப்பாகிவிடும். லிஃப்ட் லாபியிலிருந்து வீடுகள் பக்கம் போகும், தீ பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்ளர் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். கோர் சுவரின் கதவுத் திறப்புக்கு மேலே இருக்கும் கப்ளிங் பீமை (இரு பக்கச் சுவர்களையும் இணைக்கும் உத்தரம்) அது துளைத்துத் தாண்டியாக வேண்டும், அதற்கான ஸ்லீவ் (குழாய் நுழைய வழி விடும் உறை) கான்கிரீட் போடுவதற்கு முன்பே கம்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். விட்டுப்போனால் பிறகு துளை போடத்தான் கேட்பார்கள். காற்றையும் நிலநடுக்கத்தையும் தாங்க வைத்த கம்பி அறுபடும் என்று ஸ்ட்ரக்சரல் பொறியாளர் மறுப்பார், குழாய் பீமுக்குக் கீழே இறங்கும், நடைவழியின் சீலிங்கும் கூடவே இறங்கும், எல்லா மாடியிலும். ஆகவே கோர் அந்தத் திரும்ப வரும் மாடிகளைத் தொடுவதற்குள், ஒரு மாடியையும் இயந்திர மாடிகளையும் ஷாஃப்ட்களையும் (குழாய்களும் வயர்களும் மேலேறும் செங்குத்துப் பாதைகள்) மாடலில் முழுசாக முடித்து எல்லாத் துறையிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆயிரக்கணக்கில் கிளாஷ் (மாடலில் ஒன்றோடொன்று இடிக்கும் இடங்கள்) கண்டுபிடித்ததாக யாராவது பெருமைப்பட்டால் மயங்க வேண்டாம், அதில் பெரும்பாலானது குழாயின் காப்புறை சுவரில் உரசுகிற ரகம். கான்கிரீட்டுக்குள் புதையப்போவது எத்தனை என்று மட்டும் கேளுங்கள், அது கைவிரலில் எண்ணும் அளவுக்குக்கூட இருக்கலாம், ஆனால் காசு அங்கேதான் போகும்.

அப்புறம், மாடலில் இருக்கும் மட்டம் நிஜத்தில் அப்படியே நிற்காது. மேலே பாரம் ஏற ஏறத் தூண்கள் குறுகும், கான்கிரீட்டின் க்ரீப்பும் (தொடர்ந்த பாரத்தில் மெதுவாக அமுங்குவது) உலர்சுருக்கமும் அதைப் பல வருடம் இழுத்துக்கொண்டே போகும். கோர் சுவரும் வெளித் தூண்களும் ஒரே அளவில் குறுகுவதில்லை என்பதுதான் தலைவலி, கண்ணாடி முகப்பின் பிராக்கெட்டும் செங்குத்துக் குழாய்களும் அந்த வித்தியாசத்தைத் தாங்கியாக வேண்டும். ஒவ்வொரு ஸ்லாப் முடிந்ததும் சர்வே எடுத்து மாடலோடு ஒப்பிடுங்கள். லேசர் ஸ்கேனை எல்லா இடத்திலும் எடுக்கத் தேவையில்லை, ஃபால்ஸ் சீலிங்கும் ஷாஃப்ட்டும் மூடப்படுவதற்கு முன்னால் அந்த இடங்களில் எடுத்தால் போதும். மூடிய பிறகு எந்த மென்பொருளாலும் உள்ளே பார்க்க முடியாது.

ட்வினுக்காக இப்போதே செய்ய வேண்டிய வேலை, பார்க்க ரொம்பச் சாதாரணமானது. பெயர் வைப்பது. 21-வது மாடியில் இருக்கும் அழுத்தம் குறைக்கும் வால்வு மாடலில் ஒரு பெயரிலும், ஒப்பந்தக்காரர் வேலைக்காக வரையும் ஷாப் டிராயிங்கில் இன்னொரு பெயரிலும், கட்டட மேலாண்மை அமைப்பின் திரையில் மூன்றாவது பெயரிலும் இருந்தால் சென்சார் அனுப்பும் எண் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பிஆர்வி-21-02 என்றால் மாடலிலும், வாங்கும் ஆர்டரிலும், வால்வில் தொங்கும் தகட்டிலும் அதுவே இருக்கட்டும். இந்த விதியைத் துணை ஒப்பந்தக்காரர்கள் கையெழுத்திடும் முன் எழுதிவிடுங்கள், பிறகு திருத்தப் பார்த்தால் ஆளுக்கொரு பில் வரும்.

அடுத்து, கட்டடம் ஓட ஆரம்பித்த பிறகு உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? பராமரிப்பு ஆட்களை உட்காரவைத்துக் கேளுங்கள். கீழே இறங்க இறங்க 10 மீட்டருக்குச் சுமார் 1 பார் என்று தண்ணீர் அழுத்தம் கூடுவதால்தான் உங்கள் கட்டடத்தைப் பல அழுத்த மண்டலங்களாகப் பிரித்திருப்பார்கள். அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று பழுதானால் அந்த மண்டலத்தின் கீழ் மாடிகளில் குழாய் இணைப்புகள் தெறிக்கக்கூடும். அங்கே ஒரு அழுத்த சென்சார் நிச்சயம் வேண்டும். தீயணைப்பு பம்பு, லிஃப்ட், மொட்டைமாடித் தொட்டி, சரி. ஒவ்வொரு வீட்டு அறைக்கும் சென்சார் என்றால் எதற்கு என்று கேளுங்கள். உரிமையாளர் தனக்கு வேண்டிய தகவலை முதலில் எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் பிம் தகவல் மேலாண்மைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 19650-ம் சொல்வது, அதில் 2020-ல் வந்த 3-ம் பகுதி கட்டடம் இயங்கும் காலத்துக்கானது.

72 பேர் இறந்த 2017 கிரென்ஃபெல் கோபுரத் தீ விபத்துக்குப் பிறகு பிரிட்டன் கொண்டுவந்த 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். 18 மீட்டரோ 7 மாடியோ எட்டும் குடியிருப்புகளுக்கு, கட்டடத் தகவல் டிஜிட்டலாகவும் சரியாகவும் அன்றன்றைக்குத் திருத்தப்பட்டும் இருக்க வேண்டும் என்று அங்கே கேட்கிறார்கள். முப்பரிமாண மாடலைக் கட்டாயமாக்கவில்லை.

அந்த நிறுவனத்தை, பாதி மாடிகள் எழும்பிய பிறகு திரும்ப வரச் சொல்லுங்கள். வரும்போது, ஒப்பந்தம் முடிந்தால் மாடலை ஐஎஃப்சி கோப்பாகவும் (பல மென்பொருள்களில் திறக்கும் பொது வடிவம்), கருவிப் பட்டியலை சாதாரண அட்டவணையாகவும், சென்சார் பதிவுகளை முழுசாகவும் தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். கூடவே, மாடலைக் கட்டடத்தின் மாற்றங்களுக்கு ஏற்பத் திருத்திவைக்கப்போவது யார், மாதச் சம்பளம் யார் தருவது என்பதையும். இதற்கு உங்கள் பக்கத்தில் ஆள் இல்லையென்றால் ட்வினை விட்டுவிடுங்கள், ஸ்கேனும் பெயர்ப் பட்டியலும் மட்டுமே உங்கள் பராமரிப்புக் குழுவுக்குப் போதுமான அளவு உதவும்.