மைக் முன்னால் போனால் குரல் பூட்டிக்கொள்கிறது

அன்புள்ள உளவளத்துணையாளர் அவர்களுக்கு,

எனக்கு 28 வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கரையோரக் கிராமம். முன்பள்ளி ஆசிரியையாக வேலை செய்கிறேன். கத்தோலிக்கக் குடும்பம்.

எங்கள் அப்பா பசாம், அதாவது இயேசுவின் பாடுகளைச் சொல்லும் தவக்காலப் பாட்டு, பாடுவதில் பேர் போனவர். தவக்காலம் வந்தால் அயல் பங்குகளில் இருந்தும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். பெரிய வெள்ளியில் அவர் வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்கத் தொடங்கினால் கோயிலில் கிழவிகள் விம்மத் தொடங்கிவிடுவார்கள். அவருடைய மெட்டுகள் எல்லாம் எனக்குப் பாடம். 2009இல் போரின் கடைசிக் கட்டத்தில் மாத்தளனில் அவரை இழந்தோம். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இடம்பெயர்ந்து செட்டிக்குளம் முகாமில் இருந்தபோதும், ஊருக்குத் திரும்பிய பிறகும் எங்கள் வீட்டில் யாரும் பாடவில்லை. நான் கொஞ்சம் முணுமுணுத்தாலே அம்மா எழும்பி வெளியே போய்விடுவார். நானும் விட்டுவிட்டேன்.

போன பெரிய வெள்ளிக்கு என்னைப் பாடச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்ததும் நெஞ்சு அடித்தது, வாய் காய்ந்தது, தொண்டை இறுகிவிட்டது. இரண்டாவது அடியோடு இறங்கி வெளியே ஓடிவிட்டேன். "தகப்பன்ர குரல் இருந்தால் காணுமே, துணிவெல்லோ வேணும்" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு கோயிலில் பின் வாங்கில்தான் இருக்கிறேன்.

இப்போது பாதர், வரும் தவக்காலத்துக்குப் பசாம் குழுவை நான் நடத்த வேண்டும், பிறகு மறைக்கல்வி ஆசிரியர் பயிற்சிக்கும் போக வேண்டும் என்கிறார். குழுவில் இருக்கும் ஒரு அக்கா, "கடவுள் தந்த தாலந்தைப் புதைச்சு வைச்சால் ஒருநாள் கணக்குக் கேப்பார்" என்கிறார். அம்மாவோ கலியாணப் பேச்சை எடுக்கிறார். கடவுள் என்னை இதற்குத்தான் அழைக்கிறார் என்று செபத்தில் இருக்கும்போது தெளிவாகத் தெரிகிறது. எழும்பினால் பயமாக் கிடக்கு. முன்பள்ளியில் பிள்ளைகளோடு நாள் முழுக்கப் பாடுகிற எனக்குக் கோயிலில் மட்டும் ஏன் இப்படி? உண்மையில் அழைக்கப்பட்டிருந்தால் இந்தப் பயம் வருமா?

இப்படிக்கு,
முல்லைத்தீவிலிருந்து ஒரு சகோதரி

*

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கேள்விக்குப் பாதி விடை கடைசி வரிகளில் நீங்களே எழுதியதுதான். பிள்ளைகளோடு பாடும்போது குரல் அடைப்பதில்லை. பெரியவர்கள் கேட்கிற இடத்தில், அதிலும் அப்பாவின் பாட்டு என்றால்தான் பூட்டுகிறது. ஆகவே குரலையும் துணிவையும் சந்தேகிப்பதை இன்றோடு விடலாம்.

அன்றைக்கு உடம்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஆபத்து என்று மூளை முடிவெடுத்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடும், வாய் காயும், தொண்டைத் தசைகள் இறுகும். ஓடுவதற்கும் ஒளிவதற்கும் இது நல்ல ஏற்பாடு. பாடுவதற்குத்தான் உதவாது. இந்தப் பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். நீங்கள் அது இறங்கும் முன்பே வெளியே ஓடிவிட்டதால், ஓடியதுதான் என்னைக் காப்பாற்றியது என்று மூளை படித்துக்கொண்டது. அதற்குப் பிறகு பின் வாங்கில் இருந்த ஒவ்வொரு ஞாயிறும் அதே பாடத்தைத் திரும்பப் படித்தது. விலக விலகப் பயம் வளரும் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

தாலந்து உவமைக்கு வருவோம். அந்த அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பயந்துபோய் இருப்பவரிடம் அதை ஒரு மிரட்டலாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மத்தேயு 25ஐ எடுத்து இன்னொருமுறை வாசியுங்கள். பயணம் போகும் தலைவர் ஒருவர் மூன்று பணியாளரிடம் தாலந்துகளை ஒப்படைக்கிறார்; இருவர் அதைப் பெருக்குகிறார்கள், மூன்றாமவன் மண்ணில் புதைத்து வைக்கிறான். தலைவர் அந்த மூன்றாவது பணியாளைச் சோம்பேறி என்று கண்டிக்கிறார், சரி. அவன் சொல்கிற காரணம் எது? நீர் கடுமையானவர் என்று நினைத்தேன், பயந்துபோய்ப் புதைத்தேன் என்கிறான். ஒரு தாலந்து என்பது அந்தக் காலத்துக் கூலியாள் ஒருவரின் ஏறத்தாழ 20 வருடச் சம்பளம். அவ்வளவு பணத்தை நம்பிக் கையில் தந்தவரைப் பற்றித்தான் அவன் அப்படி நினைத்தான். கடவுள் கணக்குக் கொப்பியோடு நிற்கிறார் என்று உங்களை இன்னும் பயப்படுத்தினால், அவனுடைய இடத்துக்குத்தான் உங்களைத் தள்ளிக்கொண்டு போகிறோம்.

புதைப்பது என்றால் என்ன என்று வன்னி ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையுமில்லை. தையல் மெசின், பாத்திரம் பண்டம் என்று தூக்க முடியாததை எல்லாம் வளவுக்குள் கிடங்கு வெட்டி மூடிவிட்டு நடந்த சனம் நாங்கள். மடுத் திருத்தலத்து மாதாவின் சுரூபத்தையே, சண்டை நெருங்கியபோது, 2008 ஏப்ரலில் குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய் வைத்துக் காப்பாற்றினார்கள். ஓகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது. அதைக் கோழைத்தனம் என்று யார் சொன்னார்கள்? அம்மா தாங்கமாட்டார் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்பாவின் பாட்டை உள்ளே மூடி வைத்ததையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அது அன்றைக்குச் சரியான வேலை.

அதனால் கோயிலை இப்போதைக்கு விடுங்கள். முதலில் பாட வேண்டியது அம்மாவுக்கு. சும்மா தொடங்காமல் முதலே கேளுங்கள்: "அம்மா, அப்பான்ர பசாம் ஒண்டு பாடட்டோ, பக்கத்தில இருங்கோ." வேண்டாம் என்றால் இன்னொருநாள் கேளுங்கள். இருந்து கேட்டு அழுதால் அழட்டும், நீங்களும் அழுங்கள். பல வருடமாக இரண்டு பேரும் ஆளை ஆள் காப்பாற்ற நினைத்துத் தனித்தனியாகச் சுமந்த துக்கம் இது. மைக் முன்னால் உங்கள் தொண்டையை இறுக்கியதில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களைக் கூட்டலாம். அப்பாவோடு பாடிய வயதானவர் ஒருவராவது ஊரில் இருப்பார். மெட்டுச் சரிபார்க்க என்று அவரிடம் போய்ப் பாடிக் காட்டுங்கள். பிறகு ஆளில்லாத பின்னேரம் கோயிலுக்குள், மைக் இல்லாமல். பிறகு குழுவின் நடுவில் நின்று. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடும்போது தனிக்குரல் கொஞ்ச நேரத்துக்குத்தான் தேவை. ஒரு படி அலுத்துப்போகும் வரைக்கும் அதையே செய்யுங்கள், பிறகு அடுத்தது. பதற்றம் ஏறினால் இடத்தை விட்டுப் போகாதீர்கள். மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கிக்கொண்டு நில்லுங்கள், அது இறங்குவதை நீங்களே காண்பீர்கள். குரல் நடுங்குகிறதா என்று உங்களையே காவல் காப்பதையும் விட்டுவிட்டு, எதிரே நிற்கும் ஒருவருக்கு அந்த வரியின் பொருளைச் சொல்வதாக நினைத்துப் பாடுங்கள்.

அழைக்கப்பட்டிருந்தால் பயம் வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். விவிலியத்தில் அழைக்கப்பட்டவர்களில் பயம் வராதவர்களைத் தேடுவதுதான் கஷ்டம். மோசே தனக்கு நாவன்மை இல்லை என்றார், வேறு யாரையாவது அனுப்பும் என்றுகூடக் கெஞ்சினார். கடவுள் அவருடைய நாவைத் திருத்தியதாக அங்கே இல்லை. அண்ணன் ஆரோனைத் துணைக்கு அனுப்பினார். ஆகவே குழுவில் உங்களுக்கு ஒரு ஆரோனைக் கேட்டு வாங்கிக்கொள்ள வெட்கப்படாதீர்கள். மனம் இருண்டுகிடக்கும் நேரத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் அறிவுரை. ஓடிவந்த அன்றைய இரவை வைத்து 'எனக்கு அழைப்பில்லை' என்று தீர்ப்பு எழுத வேண்டாம். அதேபோல ஆட்களின் புகழையும் நெருக்குதலையும் வைத்து 'அழைப்பு உண்டு' என்றும் எழுத வேண்டாம்.

பாதரிடம் இவ்வளவு சொன்னால் காணும்: "இந்தத் தவக்காலம் குழுவில நிண்டு பாடுறன், நடத்துறதுக்கு இன்னொராளைப் போடுங்கோ. பயிற்சியைப் பற்றி உயிர்ப்பு ஞாயிறு கழியச் சொல்லுறன்." தவக்காலத்தில் பாடுவது ஒரு கேள்வி, வாழ்க்கை முழுவதுக்குமான பணி இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கட்டியதால்தான் பாரம் இரட்டிப்பாகிறது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, மாத்தளன் நாட்கள் கனவில் வருவது, நித்திரை இல்லாமல் போவது போன்றவை இருக்கிறதா? இருந்தால் நான் மேலே சொன்னது மட்டும் போதாது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுத்துக் கதைக்கலாம். செபமும் சிகிச்சையும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை.

கலியாணம் பற்றி: மறைக்கல்வி கற்பிப்பவர்களில் குடும்பஸ்தர்கள் எத்தனையோ பேர். வருகிற மாப்பிள்ளையிடம் "நான் கோயிலில் பாடுவேன், படிப்பிப்பேன்" என்று முதலே சொல்லிவிடச் சொல்லி அம்மாவிடம் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் உளவளத்துணையாளர்