நரி முகத்தில் விழித்தால் நல்லதா? தோட்டத்துப் பக்கம் நரி வந்தால் பிடித்து விரட்டலாமா?

பிடிக்கவே பிடிக்காதீர்கள். சேலம் மாவட்டம் வாழப்பாடி சுற்றுவட்டாரத்தில் இந்த நம்பிக்கை ஆழமானது. தைப்பொங்கலை ஒட்டி வங்காநரி என்ற சிறிய நரியை வலைபோட்டுப் பிடித்து, கடிக்காதபடி வாயைக் கட்டி, ஊர்க்கூட்டத்தின் நடுவே ஓடவிடுவார்கள். அதன் முகத்தைப் பார்த்தால் மழை பெய்யும், விளைச்சல் பெருகும் என்பது எண்ணம். ஆனால் கூச்ச சுபாவமுள்ள அந்த உயிருக்கு அது வெறும் மரணபயம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) தடுப்பதால் பிடித்தவர்களுக்கு வனத்துறை அபராதமும் விதித்திருக்கிறது.

உண்மையில் அதிர்ஷ்டம் என்றால், நரி வயலில் சுதந்திரமாகத் திரிவதுதான்: எலி, வெட்டுக்கிளி, கரையான் எல்லாம் தின்னும், இலந்தைப் பழமும் தின்னும். தரிசிலும் புதர்க்காட்டிலும் வளை தோண்டிக் குட்டி போடும். பொக்லைன் வந்தால் முதலில் போவது அந்த வளைதான்.

கோழிகளை இரவில் கூண்டில் அடையுங்கள், கறிக்கழிவை வெளியே கொட்டாதீர்கள். பெரும்பாலும் நரி தானாகவே விலகிப் போய்விடும். பயமின்றி நெருங்கிவரும் நரிக்கு வெறிநோய் இருக்கலாம். ஒதுங்கிநின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே தடுப்பூசி போடுங்கள்.

நரிக்கொம்பு என்று விற்பதை வாங்காதீர்கள். நரிக்குக் கொம்பே கிடையாது.