வாசகர் கேள்வி – பதில்: டிக்பாய்க்குப் போகலாமா?

கேள்வி: அசாமில் இருக்கும் டிக்பாய் எண்ணெய் நகரத்தைப் பார்க்க ஆசை. ஈரோட்டிலிருந்து எப்படிப் போவது?

பதில்: ஒரே ரயில் போதும். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் ஈரோட்டில் நிற்கும். முழுத் தடம் 4,100 கி.மீ.க்கு மேல், இந்தியாவிலேயே நீளமானது. பலர் கடைசி நிலையமான திப்ருகருக்கே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அது தேவையில்லை. அதற்கு முன்னாலேயே நியூ தின்சுகியாவில் இறங்குங்கள். அங்கிருந்து மாக்கும் என்ற ஊர் வழியாக டிக்பாய் 35 கி.மீ. அளவுதான். லேடோ என்ற ஊருக்குப் போகும் கிளைத்தடத்தில் டிக்பாய்க்கு ரயில் நிலையம் உண்டு. ஆனால் வண்டிகள் குறைவு, நேரமும் ஒத்துவராது. பஸ்ஸோ ஷேர் வண்டியோதான் நம்பகமானது.

மூன்று நாளைத் தாண்டும் பயணம் இது. பனிக்காலத்தில் வட வங்கத்தில் மூடுபனி இறங்கினால் வண்டி மணிக்கணக்கில் தாமதிக்கும். அதனால் இறங்கிய அன்று தின்சுகியாவில் தங்கிவிட்டு, மறுநாள் காலை கிளம்புவதே நல்லது. விமானத்தில் வந்தால் திப்ருகரின் மோகன்பாரியில் இறங்கி, காரில் சுமார் இரண்டு மணி நேரம்.

கேள்வி: சுத்திகரிப்பு ஆலைக்குள் விடுவார்களா?

பதில்: சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்த இடமல்ல அது. தீப்பற்றும் ஆவி சூழ்ந்த ஆலை என்பதால் முன் அனுமதியில்லாமல் யாரும் நுழைய முடியாது. வாசலில் நின்று படம் எடுக்க முயன்று காவலரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அதற்குப் பதில் எண்ணெய் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். என்னைக் கேட்டால் டிக்பாயில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். 1889-இல் தோண்டத் தொடங்கி 1890-இல் 662 அடி ஆழத்தில் எண்ணெய் கண்ட முதல் கிணறு அந்த வளாகத்திலேயே இருக்கிறது. ஆலை 1901-இல் ஓடத் தொடங்கியது. இன்றும் இயங்கும் ஆலைகளில் ஆசியாவிலேயே பழையது. 1981-இல் இந்தியன் ஆயில் வசம் வந்தது. ஆண்டுக்கு 6.5 லட்சம் டன் கச்சா எண்ணெய் வடிக்கும் திறன், இன்றைய பெரிய ஆலைகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

ஆனாலும் அது நிலைத்து நிற்பதற்கு மெழுகும் ஒரு காரணம். இந்தப் பகுதிக் கச்சா எண்ணெயில் மெழுகு அதிகம். குளிர்ந்தால் குழாயிலேயே உறைந்து அடைக்கும் தொல்லை அது. அதையே சரக்காக மாற்றிவிட்டார்கள். மெழுகுள்ள எண்ணெயில் கரைப்பான் கலந்து குளிர்வித்தால் மெழுகு படிகமாகத் திரளும், அதை வடிகட்டி எடுப்பார்கள். மெழுகுவர்த்திக்குப் போகும் பாரஃபின் இதுதான்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? எத்தனை நாள் வேண்டும்?

பதில்: நவம்பர் முதல் மார்ச் வரை. மழை மாதங்களில் காட்டில் அட்டை மொய்க்கும். ஊருக்கு ஒரு நாள், டிஹிங் பட்கை மழைக்காட்டுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். தமிழ்நாட்டுக் கணக்கில் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் பாதி நாள் போய்விடும், ஐந்தரைக்கே எழுங்கள். இங்குள்ள தேயிலைத் தோட்டங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னதாக வைத்து நடப்பதும் அதனால்தான். காட்டை ஒட்டிய சாலைகளில் யானை குறுக்கிடும், இரவில் வண்டி ஓட்ட வேண்டாம்.

டிக்பாயில் இருக்கும் இரண்டாம் உலகப் போர் வீரர்களின் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இந்தியப் படைவீரர்களும் அங்கே உறங்குகிறார்கள்.

கேள்வி: அங்கிருந்து பர்மா எல்லைவரை போக முடியுமா?

பதில்: லேடோவில் ஸ்டில்வெல் சாலை (இரண்டாம் உலகப் போரில் பர்மா வழியாகச் சீனாவுக்குப் போட்ட சாலை) தொடங்கும் இடம்வரை எந்த அனுமதியும் வேண்டாம். அதைத் தாண்டி பர்மா எல்லையிலுள்ள பாங்சாவ் கணவாய்ப் பக்கம் போனால் அருணாச்சலப் பிரதேசம் வந்துவிடும். அங்கே நுழைய வெளி மாநிலத்தவருக்கு இன்னர் லைன் பெர்மிட் என்ற அரசு அனுமதிச் சீட்டு கட்டாயம். ஊரிலிருந்து புறப்படும் முன்பே இணையத்தில் வாங்கி, அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று போனவர்கள் திரும்பி வர நேர்கிறது.